காற்றை நிறுக்கும் கார்: பட்டறைக்குப் புதிதாக வருவோருக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் கார் பட்டறைக்கு வேலை பழகப் போனால், முதல் மாதத்திலேயே இந்தப் புகாரைக் கேட்டுவிடுவீர்கள்: "தம்பி, சிக்னல்ல நின்னா வண்டி ஆடுது, பெட்ரோலும் ரொம்பக் குடிக்குது, என்னான்னு பாரு." ஸ்கேனரைச் செருகினால் காற்று சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு குறியீடு திரையில் வந்து நிற்கும். "சென்சார் போச்சு அங்கிள், மாத்தணும்" என்று வாய் வரை வந்துவிடும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். இப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அதன் கண்ணில் படாத வழியாகக் காற்று நுழைந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்த வண்டி காற்றோட்டத்தை அளக்கிறதா, இல்லை அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்குப் போடுகிறதா? எந்தச் சென்சாரையும் கழற்றுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வகையிலும் ஒரே ஓட்டை வேறு வேறு நோயாக வெளிப்படும். அது தெரியாமல் வேலை பார்ப்பவர் வாடிக்கையாளரின் பணத்தில்தான் பாடம் படிப்பார்.

ஏன் அளக்க வேண்டும்?

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று. நம் ஊர் வெயிலில் அது 9,500 லிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். எஞ்சின் உண்மையில் காற்றைத்தான் தின்கிறது, பெட்ரோல் அதற்குத் தொடுகறி.

சிக்கல் என்னவென்றால், ஒரு லிட்டர் காற்று எப்போதும் ஒரே எடை இருக்காது. விடியற்காலை 23 டிகிரியில் இருக்கும் காற்றைவிட மதியம் 33 டிகிரியில் இருக்கும் காற்று ஏறக்குறைய 3 விழுக்காடு லேசானது. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினால் வித்தியாசம் இன்னும் பெரிது. மலை மேலுள்ள பிரிஞ்சாங் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே 100 கிலோபாஸ்கல் காட்டும் காற்றழுத்தம் அங்கே 85-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.

1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகா, 1994-இல் வந்த முதல் பெரோடுவா கஞ்சில், இரண்டிலும் இருந்தது கார்புரேட்டர். காற்று ஓடும் வேகம்தான் அதில் பெட்ரோலை இழுக்கும். காற்று கனமா லேசா என்று அதற்குத் தெரியாது. அதனால் மலை ஏற ஏறக் கலவையில் பெட்ரோல் கூடி, வண்டி இழுக்க மறுத்துக் கறும்புகை விடும். பழைய ஆட்கள் சொல்லும் கேமரன் பயணக் கதைகளில் பாதிக்குக் காரணம் இதுதான். சரி, இப்போது பானெட்டைத் திறப்போம்.

முதல் வேலை: எந்த வகை என்று பாருங்கள்

காற்று வடிகட்டிப் பெட்டியில் தொடங்கி, தடித்த ரப்பர் குழாய் வழியே, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி வரை, அங்கிருந்து காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்ட் வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வடிகட்டிப் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் செருகி வைத்த சிறிய பிளாஸ்டிக் உறுப்பும் அதில் நான்கைந்து கம்பிகளும் இருந்தால், அது காற்றோட்டத்தை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார். 2003-இல் இங்கே வந்த டொயோட்டா வியோஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

குழாயில் அப்படி எதுவும் இல்லாமல், மேனிஃபோல்ட் மேலேயோ, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயின் முனையிலோ தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு கம்பிகளோடு ஒன்று இருந்தால் அது மேப் சென்சார். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது இதுதான். புரோட்டானின் கேம்ப்ரோ எஞ்சின்களும் 2005-இல் வந்த முதல் பெரோடுவா மைவியும் இந்த வகை. நம் ஊர் பட்டறைகளில் இவைதான் அதிகம் வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. குழாயில் இரண்டே கம்பியோடு இருப்பது காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார். அதை ஏர்ஃப்ளோ என்று நினைத்துக் கழற்ற வேண்டாம். டர்போ வண்டிகள், டீசல் பிக்கப்புகள் பலவற்றில் இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கும்.

அழுத்தத்தை அளக்கும் வண்டி எப்படிக் கணக்குப் போடுகிறது?

இந்த முறைதான் முதலில் வந்தது. 1967-இல் போஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு எரிபொருள் தெளிப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 கார்களில் வெளியிட்டது. அதன் அழுத்த சென்சாருக்குள் காற்று நீக்கிய உலோகக் குப்பிகள் இருந்தன. அழுத்தம் மாறும்போது அவை விரியும், சுருங்கும், அந்த அசைவு ஒரு மின்சுருளில் மாற்றத்தை உண்டாக்கும். இன்றைய மேப் சென்சாரில் அசையும் உறுப்பு என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இல்லை. மெல்லிய சிலிக்கான் தகடு ஒன்று அழுத்தத்தில் வளைய, அதன் மின்தடை மாறுகிறது. சிலிக்கானுக்கு இந்தக் குணம் உண்டு என்று 1954-இல் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித் கண்டுபிடித்தார். உங்கள் கைப்பேசியில் உயரமானி இருந்தால் அதற்குள் இருப்பதும் இதே குடும்பம்தான்.

மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம், காற்று என்ன வெப்பநிலை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற மூன்றையும் இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, எடுத்துக்கொள்ளும். இந்தச் சுற்றில், இந்த அழுத்தத்தில் சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்று தொழிற்சாலையில் பதித்து வைத்த அட்டவணையைப் பார்க்கும். பெருக்கினால் காற்றின் எடை. எளிமையானது, மலிவானது, காற்றுப் பாதையில் எதையும் அடைக்காது. ஆனால் அந்த அட்டவணை புது எஞ்சினுக்குப் போட்டது. வால்வு தேய்ந்து, எக்ஸாஸ்ட் பாதி அடைத்துப்போன பழைய எஞ்சினில் அட்டவணையும் நிஜமும் ஒத்துப்போகாது. மிச்சப் பிழையை எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்தும்.

ஓட்டத்தை அளக்கும் வண்டி

1970-களின் நடுவில் போஷின் எல்-ஜெட்ரானிக் பரவியது. அதில் காற்றுப் பாதையில் ஒரு கதவு, பின்னால் ஒரு ஸ்பிரிங். காற்று தள்ளினால் கதவு திறக்கும், எவ்வளவு திறந்தது என்று ஒரு மின்தடைத் தடத்தின் மேல் ஊரும் முள் சொல்லும். பழைய ஜெர்மன் வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் எப்போதாவது கொண்டுவருவார்கள். அந்தத் தடம் முள் உரசியே தேய்ந்துவிடும். கதவு காற்றையும் மறிக்கும். அளப்பதும் கன அளவைத்தானே தவிர எடையை இல்லை.

அடுத்து மிட்சுபிஷி பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓடும் காற்றின் நடுவில் ஒரு தூணை நிறுத்தினால் அதன் பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்கள் மாறி மாறிக் கிளம்பும். தியோடர் வான் கார்மான் 1911-இல் இதற்குக் கணக்கு எழுதினார். காற்று வேகமாக ஓடினால் சுழல்களும் வேகமாக வரும். அவற்றை எண்ணினால் போதும், வேகம் தெரிந்துவிடும். மிட்சுபிஷி கேளா ஒலியால் எண்ணியது, டொயோட்டா சில எஞ்சின்களில் ஒரு சிறு கண்ணாடியையும் ஒளியையும் வைத்து எண்ணியது. இந்த வகையில் முகப்பில் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை இருக்கும். காற்றை நேராக்குவது அதுதான். அழகாக இல்லை, அடைக்கிறது என்று அதைப் பிடுங்கி எறிந்தால் அளவு தாறுமாறாகிவிடும்.

இப்போது நீங்கள் அதிகம் பார்க்கப்போவது சூட்டுக் கம்பி வகை. கொதிக்கும் தே தாரிக்கை ஊதினால் ஆறுகிறது, பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது அல்லவா? அதேதான் இங்கேயும். காற்றோட்டத்தில் மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்றை, காற்றைவிடச் சுமார் 100 டிகிரி அதிகச் சூட்டில் வைத்திருக்கும் வேலையை ஒரு மின்சுற்று பார்க்கும். காற்று கூடினால் கம்பி ஆறப் பார்க்கும், மின்சுற்று கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சூட்டைக் காக்கும். கொடுத்த மின்சாரமே காற்றின் அளவு. கனமான குளிர்காற்று அதிகம் ஆற்றும், லேசான சூடான காற்று குறைவாக ஆற்றும் என்பதால் வெப்பநிலை, உயரம் எல்லாம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நேராக எடையையே காட்டும் சென்சார் இது. இதன் பின்னணிக் கணிதத்தை எல். வி. கிங் 1914-லேயே எழுதிவிட்டார். காருக்கு வந்து சேர 1980-கள் வரை ஆயிற்று.

கம்பியின் எதிரி தூசி. ஒட்டிக்கொண்ட தூசி போர்வையாகிச் சூட்டைக் காக்கும், காற்று குறைவு என்று தவறாகச் சொல்ல வைக்கும். அதனால் போஷின் முதல் சூட்டுக் கம்பி வண்டிகள் எஞ்சினை அணைத்த பிறகு கம்பியை ஒரு விநாடி சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்கி அழுக்கை எரித்தன. பிற்பாடு கம்பிக்குப் பதிலாகத் தகட்டில் பதித்த மெல்லிய சூட்டுப்படலம் வந்தது. அதன் அடுத்த தலைமுறையில் ஒரு சிலிக்கான் சவ்வின் நடுவே சூடேற்றி, இரு பக்கமும் வெப்பமானிகள். எந்தப் பக்கம் அதிகம் ஆறுகிறது என்று பார்த்தால் காற்று எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரியும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் சில வேகங்களில் காற்று முன்னும் பின்னும் அலைபாயும். வெறும் கம்பிக்குத் திசை தெரியாது, திரும்பி வரும் காற்றையும் சேர்த்து எண்ணிவிடும். புதிய வகை அந்த ஏமாற்றத்திலிருந்து தப்பித்தது.

இன்னும் புதிய வண்டிகளில் சென்சாருக்குள்ளேயே சில்லு இருக்கிறது. அளவை வோல்ட்டாக அனுப்பாமல் எண்களாகவே ஒரே கம்பியில் அனுப்புகிறது. அங்கே மல்டிமீட்டர் வைத்து வோல்ட் தேடினால் ஒன்றும் புரியாது, ஸ்கேனர்தான் வழி. மின்சாரக் காருக்கு இது எதுவுமே வேண்டாம். புரோட்டான் இ.மாஸ் 7-இல் நீங்கள் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தேடினால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். ஆனால் தோட்டத்துச் சாலையில் ஓடும் வியோஸும் மைவியும் பெர்சோனாவும் இன்னும் பல வருஷம் நம்மிடம்தான் வரும்.

இனி கை வைக்கலாம்

எஞ்சினை முடுக்காமல் வடிகட்டிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்பனை லோரிகள் போகும் செம்மண் பாதையில் தினமும் ஓடும் வண்டியின் வடிகட்டி, கையேட்டில் எழுதிய கிலோமீட்டர் வரை தாங்காது. புகைமூட்டக் காலத்தில் சொல்லவே வேண்டாம். அடைத்த வடிகட்டி இழுப்பைக் குறைக்கும், ஆனால் சென்சாரை ஏமாற்றாது. வடிகட்டி கிழிந்திருந்தாலோ, பெட்டியின் கிளிப் சரியாக மாட்டாமல் இருந்தாலோதான் ஆபத்து: தூசி நேராகச் சூட்டுக் கம்பிக்குப் போகும். சர்வீஸ் செய்த மறுவாரம் கோளாறு என்று வண்டி வந்தால் முதலில் அந்தக் கிளிப்பைப் பாருங்கள். எண்ணெய் தடவிய திறந்த வகை வடிகட்டி மாட்டியிருந்தால், கம்பியில் எண்ணெய்ப் படலம் இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

அடுத்து ரப்பர் குழாய். அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் குழாய் மடிப்புக்குள் வெடித்திருக்கும், எஞ்சின் ஆடும்போது மட்டும் வாய் திறக்கும்.

பிறகு எண்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுங்கள். புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு பேசும் மலிவான கருவியே தொடக்கத்துக்குப் போதும். சில பழைய உள்ளூர் வண்டிகள் அதோடு பேசாது, அப்போது பட்டறையின் பெரிய ஸ்கேனர் வேண்டும். குறியீட்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நேரடி அளவுகளைப் பாருங்கள்.

மேப் வண்டியில் சாவியைப் போட்டு, எஞ்சினை முடுக்காமல் பாருங்கள். நம் ஊர் போன்ற தாழ்நிலத்தில் 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தமே அதுதான், சென்சாரைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை. எஞ்சினை முடுக்கி, சூடான பிறகு, ஏசி அணைத்து, சும்மா நிற்கும்போது 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். த்ராட்டிலைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் 100-ஐ நோக்கித் தாவ வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் மேப் சென்சார் நலமாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

ஏர்ஃப்ளோ வண்டியில் 1.5 லிட்டர் எஞ்சின் சும்மா நிற்கும்போது விநாடிக்கு 2 முதல் 3 கிராம் காற்று காட்டும். நானே போட்டுப் பார்த்த கணக்கில், 6,000 சுற்றில் முழுதாக மிதித்தால் 70 கிராம் பக்கத்தில் வரும். ஒரே சென்சார் இவ்வளவு பெரிய இடைவெளியைச் சரியாக அளக்க வேண்டியிருப்பதால்தான் கொஞ்சம் அழுக்கு பட்டாலே தடுமாறுகிறது.

எண்களில் என் கண் முதலில் போவது எரிபொருள் திருத்தத்துக்கு. இசியு தன் கணக்குக்கு மேலே எவ்வளவு விழுக்காடு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். பூஜ்யத்தைச் சுற்றி ஐந்துக்குள் இருந்தால் நல்லது, பத்தைத் தாண்டினால் தேடத் தொடங்குங்கள். எப்போது கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அதிகமாகவும், 2,500 சுற்றில் இயல்பாகவும் இருந்தால், ஏர்ஃப்ளோவுக்குப் பின்னால் எங்கோ ஓட்டை. சும்மா நிற்கும்போது எஞ்சின் இழுப்பதே 2 கிராம்தான், அதில் அரைக் கிராம் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் அதே அரைக் கிராம் கண்ணுக்குத் தெரியாது. மாறாக, வேகமும் பாரமும் கூடக் கூடத் திருத்தமும் கூடிக்கொண்டே போனால் சென்சார் அழுக்காகிக் குறைவாகச் சொல்கிறது, இல்லையென்றால் பெட்ரோல் பம்பு தளர்ந்துவிட்டது. கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி 0171 குறியீடு இந்த இரண்டு வகையிலுமே வரும். குறியீட்டைப் பார்த்து உறுப்பை மாற்றக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே ஓட்டை மேப் வண்டியில் இருந்தால் கதை வேறு. நுழைந்த காற்று மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கூட்டும், சென்சார் அதைப் பார்த்துவிடும், இசியு அதற்கேற்பப் பெட்ரோலையும் கொடுத்துவிடும். கலவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் எஞ்சின் சும்மா நிற்கும்போது வேகமாகச் சுற்றும், அல்லது ஏறி இறங்கி ஊஞ்சலாடும். குறியீடே வராமலும் போகலாம். 'சுற்று குறைய மாட்டேங்குது' என்று மைவி வந்தால், சென்சாரைவிட முதலில் பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்ட் கேஸ்கெட், சிறு வெற்றிடக் குழாய்கள் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஓட்டையைத் தேடச் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் தெளிப்பான் போதும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளின் மேல் மென்மையாகத் தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் பட்டதும் எஞ்சினின் ஓசை மாறும். மின் இணைப்புகள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் பெட்ரோலையோ பிரேக் கிளீனரையோ அடித்துச் சோதிப்பார்கள், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அந்த வீரம் வேண்டாம்.

சென்சாரைக் கழுவுவது

எண்கள் அழுக்கைக் காட்டினால் மட்டும் இதைச் செய்யுங்கள். சாவியை எடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு, இணைப்பை விடுவித்துத் திருகைக் கழற்றி சென்சாரை வெளியே எடுங்கள். ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் கம்பியின் மேல் பல முறை தெளித்து, தானாகக் காயவிடுங்கள். துணி, பிரஷ், காது குடையும் பஞ்சு எதுவும் கிட்டே போகக் கூடாது. கம்பி முடி மாதிரி மெல்லியது. கம்ப்ரஸர் காற்று அதைவிட மோசம். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் தின்றுவிடும், டபிள்யூடி-40 எண்ணெய்ப் பசையை விட்டுவைக்கும். முழுவதும் காய்ந்த பிறகே மாட்டி மின்சாரம் கொடுங்கள்.

மேப் சென்சாரில் பெரும்பாலும் மூக்குத் துளையில் கரியும் எண்ணெயும் கட்டியிருக்கும். துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், சிலிக்கான் தகடு உடைந்துவிடும். லேசாகத் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் வழிந்துவிடும். அதன் வெற்றிடக் குழாய் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், நம் ஊர் சூட்டில் அந்த மெல்லிய ரப்பர் காய்ந்து பிளப்பது சாதாரணம்.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லையென்றால் கம்பிகள். மூன்று கம்பி மேப் சென்சாரில் 5 வோல்ட், எர்த், சிக்னல். 5 வோல்ட் வரவில்லையென்றால் புதுச் சென்சார் வாங்கியும் பயனில்லை. தோட்டத்து வீடுகளில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த கம்பிகளை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய சென்சாரின் உடம்பில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள். உருவம் ஒன்றாக இருந்தும் உள்ளே அளவு வேறாக இருக்கும் சென்சார்கள் உண்டு. இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வருபவற்றை நான் வாங்க மாட்டேன். அதைவிட, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் அதே எண்ணுள்ள பழைய ஒரிஜினல் கிடைத்தால் அது மேல். புதியதை மாட்டியதும் குறியீட்டை அழித்து, கற்றுக்கொண்ட திருத்தங்களையும் ஸ்கேனரால் அழித்துவிட்டு, வாடிக்கையாளரையும் ஏற்றிக்கொண்டு கோலகங்சார் சாலையில் ஒரு சுற்று போய் வாருங்கள். திருத்தம் பூஜ்யத்தை நோக்கி இறங்கவில்லையென்றால், பழைய சென்சாரையே திரும்ப மாட்டிவிட்டுப் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை அளக்கத் தொடங்குங்கள்.